ரிசர்வேஷன் கேட்காத ரயில்கள்

ஐரோப்பாவில் மலிவான ரயில் டிக்கெட் கிடைக்கத்தான் செய்கிறது. ஆனால் பணத்தில் மிச்சமாகும் ஒவ்வொரு யூரோவுக்கும் வேறு ஒன்றைக் கொடுக்க வேண்டியிருக்கும்: நேரத்தை, தூக்கத்தை, அல்லது கடைசி நிமிடத்தில் மனம் மாறும் உரிமையை. ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூஹேக்கு ஆராய்ச்சி மாணவியாக வந்ததிலிருந்து, மாதச் சம்பளத்தில் மிச்சம் பிடித்து ரயிலேறுவதுதான் என் விடுமுறை. நேரத்தை நான் தாராளமாகக் கொடுப்பேன். தூக்கத்தை யோசித்துக் கொடுப்பேன். மனம் மாறும் உரிமையை மட்டும் விட்டுத்தர மாட்டேன். ஜன்னல் வழியே ஒரு ஊர் தெரிகிறது, இறங்கிப் பார்க்கலாமே என்று தோன்றுகிறது. அப்போது இறங்க முடியாத டிக்கெட் எனக்கு எதற்கு?

போன கோடையில் அக்கா வந்திருந்தாள். ஐம்பதை நெருங்குகிறாள், முழங்கால் வலி உண்டு, ஊர் சுற்றும் ஆசை என்னைவிட அதிகம். அவளுடைய கணக்கு வேறு. "நேரம் எவ்வளவு வேணா ஆகட்டும், ராத்திரி மட்டும் என்னைப் படுக்க விட்டுடு" என்று விமான நிலையத்திலேயே சொல்லிவிட்டாள். இரண்டு பேருக்கும் பொதுவாக, விட்டுக்கொடுக்கக்கூடியது நேரம் ஒன்றுதான். அதை வைத்துக்கொண்டுதான் திட்டம் போட்டோம்.

முதலில் பாஸ், அதாவது பல நாடுகளின் ரயில்களில் ஏற உதவும் ஒரே சீட்டு. இதில் பலருக்குக் குழப்பம் இருக்கிறது. ஐரோப்பாவுக்கு வெளியே வசிப்பவர்கள் வாங்குவது யூரெயில். 1959-இல் தொடங்கியது. ஐரோப்பாவில் வசிப்பவர்கள் வாங்குவது இன்டர்ரெயில். அது 1972-இல், அப்போது 21 வயது வரை உள்ளவர்களுக்காக மட்டும் வந்தது. இப்போது எல்லா வயதினருக்கும் உண்டு. எந்தக் குடியுரிமை என்பது முக்கியமில்லை, எங்கே வசிக்கிறீர்கள் என்பதுதான் கேள்வி. அதனால் ஒரே வீட்டில் பிறந்த அக்காவுக்கு யூரெயில், எனக்கு இன்டர்ரெயில். இரண்டிலும் 33 நாடுகள் வருகின்றன, ஓடுவதும் அதே ரயில்கள்தான். ஒரு வித்தியாசம் உண்டு. இன்டர்ரெயிலை வசிக்கும் நாட்டுக்குள் இஷ்டம்போல் பயன்படுத்த முடியாது. வெளியே கிளம்ப ஒருமுறை, திரும்பி வர ஒருமுறை, அவ்வளவுதான். அக்கா ஜெர்மனி முழுக்க ஐசிஇ என்ற அதிவேக ரயிலில் பறக்கலாம். நான் முடியாது.

என் கையில் டாய்ச்லாண்ட் டிக்கெட் இருந்தது. ஜெர்மனியில் இருப்பவர்களுக்கு இதைவிடப் பெரிய வரம் இல்லை என்றே நினைக்கிறேன். 2022 கோடையில் மூன்று மாதம் மட்டும் 9 யூரோ டிக்கெட் என்று ஒன்று வந்தது. நாடே ரயிலேறியது. அதன் தொடர்ச்சியாக 2023 மே மாதம் 49 யூரோவுக்கு இந்த மாதாந்திர டிக்கெட் வந்தது. 2025-இல் 58 ஆனது, 2026 ஜனவரியிலிருந்து 63. விலை ஏறிக்கொண்டே போவது எனக்கு உண்மையிலேயே கவலையாக இருக்கிறது. ஆனாலும் நாட்டின் எல்லா உள்ளூர் ரயில், பஸ், டிராம், மெட்ரோவிலும் ஒரே டிக்கெட்டில் ஏறி இறங்க முடிவது சாதாரண விஷயம் இல்லை. ஐசிஇ, ஐசி போன்ற தொலைதூர ரயில்களில் மட்டும் செல்லாது.

அந்த டிக்கெட்டில் எனக்குப் பிடித்த பாதை என் வீட்டு வாசலிலிருந்தே கிளம்புகிறது. கார்ல்ஸ்ரூஹேயிலிருந்து கான்ஸ்டன்ஸ் வரை பிளாக் ஃபாரஸ்ட் வழியாகப் போகும் ரயில். ஓஃபன்பூர்க் தாண்டியதும் பள்ளத்தாக்கு குறுகும். ஹோர்ன்பெர்க்குக்கு மேலே பாதை தன்மீதே வளைந்து வளைந்து ஏறும். முப்பதுக்கும் மேற்பட்ட சுரங்கங்கள். ராபர்ட் கெர்விக் என்ற பொறியாளர் வடிவமைத்த பாதை இது, 1873-இல் முழுவதும் திறந்தார்கள். பல் சக்கரம் எதுவும் இல்லாமல், சரிவைக் குறைப்பதற்காக மலையையே சுற்றிச் சுற்றி நீளத்தைக் கூட்டியிருக்கிறார். ஒரு சுரங்கத்திலிருந்து வெளியே வந்தால், சற்று முன் கடந்த தண்டவாளம் கீழே தெரியும். அக்கா அதைப் பார்த்துவிட்டு, "அது நாம வந்த வழியாடி?" என்று எழுந்தே நின்றுவிட்டாள்.

குறையும் சொல்ல வேண்டும். சனி, ஞாயிறு, வெயில் நாள் என்றால் இந்த உள்ளூர் ரயில்களில் சைக்கிள்களும் நடைப்பயணிகளும் குழந்தை வண்டிகளுமாக நிரம்பி வழியும். ரிசர்வேஷன் கிடையாது, முதலில் ஏறுபவருக்கு இருக்கை. முழங்கால் வலிக்காரரை ஒன்றரை மணி நேரம் நிற்க வைக்கக்கூடாது என்பதற்காக, வார இறுதியில் நாங்கள் கிளம்பவே இல்லை. செவ்வாய், புதன், காலை ஒன்பது மணிக்கு மேல் என்றால் நாலு பேர் இருக்கையில் இரண்டு பேர் கால் நீட்டிப் போகலாம். தொலைதூரம் போவதற்கும் இந்த டிக்கெட் சரிவராது. உள்ளூர் ரயில்களாக மாறி மாறி பெர்லின் போகலாம்தான், ஆனால் ஒரு பகல் முழுக்கப் போய்விடும்.

எல்லைகளில் இந்த டிக்கெட் எங்கே முடிகிறது என்று தெரிந்துவைத்துக்கொண்டால் பணம் மிச்சமாகும். ஆஸ்திரியாவின் சால்ஸ்பர்க் தலைமை நிலையம் வரை செல்லும். ஸ்விட்சர்லாந்து மண்ணில் இருக்கும் பாசல் பாடிஷர் நிலையம் வரை செல்லும். பிரான்சின் ஸ்ட்ராஸ்பூர்க் போக வேண்டுமானால் கேல் என்ற ஜெர்மன் எல்லை ஊர் வரை ரயிலில் வந்து, அங்கிருந்து டிராமில் ரைன் நதியைத் தாண்டிவிடலாம்; 2017-இலிருந்து அந்த டிராம் ஓடுகிறது. ட்ரியர் பக்கமாக லக்சம்பர்க்குக்குள் நுழைந்தால் இன்னும் எளிது. அந்த நாட்டில் 2020 மார்ச்சிலிருந்து இரண்டாம் வகுப்பு ரயில், பஸ், டிராம் எல்லாமே இலவசம். டிக்கெட் இயந்திரத்தைத் தேடிய அக்காவிடம் தேவையில்லை என்று சொன்னபோது நம்பவில்லை. பிளாட்ஃபார்மில் இன்னொருவரிடம் கேட்டு உறுதி செய்துகொண்ட பிறகுதான் ஏறினாள்.

சரி, பாஸுக்கு வருகிறேன். பாஸ் வாங்கினால் ஐரோப்பா முழுக்க ஏறி இறங்கலாம் என்பது பாதி உண்மை. ஜெர்மனி, ஆஸ்திரியா, ஸ்விட்சர்லாந்து, நெதர்லாந்து போன்ற நாடுகளில் பெரும்பாலும் அப்படித்தான். பாஸைக் காட்டிவிட்டு எந்த ரயிலிலும் உட்காரலாம். பிரான்ஸ், ஸ்பெயின், இத்தாலியின் அதிவேக ரயில்களில் பாஸ் இருந்தாலும் தனியாகக் காசு கொடுத்து ரிசர்வேஷன் எடுக்க வேண்டும். பிரான்சின் டிஜிவியில் உள்நாட்டுப் பயணத்துக்கு 10 முதல் 20 யூரோ. இத்தாலியின் ஃப்ரெச்சாரோசாவில் 13 யூரோ. யூரோஸ்டாரில் 30-க்கும் மேல். அதைவிடப் பெரிய தொல்லை, பாஸ் வைத்திருப்பவர்களுக்கென ஒதுக்கும் இருக்கைகள் குறைவு. கோடைக்காலத்தில் முன்னதாகவே தீர்ந்துவிடும். ரயிலில் காலி இடம் இருக்கும், உங்களுக்கு இருக்காது.

அதனால் என் கருத்து இது. ஸ்பெயினுக்கும் பிரான்சுக்கும் மட்டும் போகிறீர்கள் என்றால் பாஸ் வேண்டாம். ஸ்பெயினில் 2021-இல் ஊய்கோ, பிறகு 2022 இறுதியில் இரியோ என்று போட்டி நிறுவனங்கள் வந்ததும் மாட்ரிட் பார்சலோனா டிக்கெட் விலை நன்றாகவே குறைந்தது. 600 கிலோமீட்டருக்கு மேலான தூரம், இரண்டரை மணி நேரம். முன்கூட்டியே எடுத்தால் பாஸின் ஒரு நாள் செலவைவிடக் குறைவாக முடியும். ஆனால் எடுத்த டிக்கெட்டை மாற்றுவதற்குக் காசு, பெரிய பெட்டிக்குக் காசு. மத்திய ஐரோப்பாவில் பல நாடுகளைச் சுற்றுகிறீர்கள், நாளைக்கு எங்கே என்று இன்று இரவு முடிவு செய்வீர்கள் என்றால் பாஸ் வாங்குங்கள். 27 வயது வரை உள்ளவர்களுக்குத் தள்ளுபடி உண்டு, 60 தாண்டியவர்களுக்கும் உண்டு. 12 வயதுக்குக் குறைந்த குழந்தைகளுக்குப் பெரியவருடன் வந்தால் இலவச பாஸ், ஒரு பெரியவருக்கு இரண்டு குழந்தைகள் வரை.

இன்னொரு வழி இருக்கிறது. அதிவேக ரயிலை விட்டுவிடுவது. பாரிஸிலிருந்து லியோனுக்கு டிஜிவியில் இரண்டு மணி நேரம். பாரிஸ் பெர்சி நிலையத்திலிருந்து கிளம்பும் உள்ளூர் ரயிலில் ஐந்து மணி நேரம் ஆகும். ரிசர்வேஷன் கிடையாது, பாஸ் செல்லும். அக்காவும் நானும் அதில்தான் போனோம். தொனேர், மோன்பார், டிஜோன், போன், மாக்கோன் என்று ஒவ்வொரு ஊராக நின்று போனது. பர்கண்டியின் திராட்சைத் தோட்டங்கள் போன் ஊருக்கு முன்னும் பின்னும் ரயிலை ஒட்டியே வரும். டிஜோனில் மதியம் இறங்கி, மூன்று மணி நேரம் பழைய தெருக்களில் நடந்து, சந்தையில் ரொட்டியும் பாலாடைக்கட்டியும் பீச் பழமும் வாங்கிக்கொண்டு அடுத்த ரயிலில் ஏறினோம். டிஜிவியில் போயிருந்தால் டிஜோன் பக்கமே போயிருக்க மாட்டோம்.

இதே கதையை மலையில் இன்னும் தெளிவாகப் பார்க்கலாம். ஸ்விட்சர்லாந்தின் கோட்ஹார்ட் பேஸ் டன்னல் 57 கிலோமீட்டர். 2016-இல் திறந்தார்கள், உலகிலேயே நீளமான ரயில் சுரங்கம். சூரிக்கிலிருந்து இத்தாலிப் பக்கம் போகும் வேக ரயில்கள் அதற்குள் நுழைந்து, சுமார் இருபது நிமிடம் இருட்டில் ஓடி, ஆல்ப்ஸின் மறுபக்கம் எட்டிப்பார்க்கும். பொறியியல் சாதனை, மறுப்பதற்கில்லை. ஆனால் ஆல்ப்ஸைக் கடக்கும்போது ஆல்ப்ஸ் கண்ணில் படாது. 1882-இல் திறந்த பழைய பாதை இன்னும் மேலே உயிரோடு இருக்கிறது. டிரேனோ கொட்டார்டோ என்ற செம்புநிற ரயில் அதில் ஓடுகிறது. கூடுதல் கட்டணம் எதுவும் இல்லை. வாசென் என்ற சின்ன ஊர் வரும்போது ஜன்னலை விட்டு நகரக்கூடாது. அந்த ஊரின் வெள்ளைத் தேவாலயத்தை மூன்று முறை பார்க்கலாம். தெற்கிலிருந்து வந்தால் முதலில் தேவாலயம் கீழே, பிறகு நேர் எதிரே, அப்புறம் தலைக்கு மேலே. மலைக்குள் சுற்றுச் சுரங்கங்கள் போட்டுப் பாதையை இறக்கியிருக்கிறார்கள். இந்த வடக்குப் பக்கத்து ஏற்றத்துக்கு யோசனை தந்தவரும் பிளாக் ஃபாரஸ்ட் பாதையை வடிவமைத்த அதே கெர்விக்தான்.

பெர்னினா பாதையைப் பற்றி எல்லோரும் எழுதியிருக்கிறார்கள். நானும் எழுதாமல் இருக்க முடியாது. கூர் நகரத்திலிருந்து இத்தாலியின் டிரானோ வரை, கண்ணாடிக் கூரை வைத்த சிவப்பு பெர்னினா எக்ஸ்பிரஸில் போவதற்குத்தான் எல்லோரும் அடித்துக்கொள்கிறார்கள். அதற்கு ரிசர்வேஷன் கட்டாயம், தனிக் கட்டணம். அதே தண்டவாளத்தில், அதே பாலங்களின் மேல், அதே பனிமலைகளைப் பார்த்தபடி சாதாரண உள்ளூர் ரயிலும் ஓடுகிறது. பாஸ் இருந்தால் ஏறி உட்கார வேண்டியதுதான். வழியில் ஒருமுறை மாற வேண்டும். அதிலும் ஒரு லாபம்: உள்ளூர் ரயிலின் பல பெட்டிகளில் ஜன்னலை இறக்கலாம். எக்ஸ்பிரஸின் கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்து எடுக்கும் படத்தில் உங்கள் சட்டையின் நிறம்தான் தெரியும்.

லாண்ட்வாசர் பாலம் 65 மீட்டர் உயரம். வளைந்து நிற்கும் கல் பாலம். அது முடிகிற இடத்திலேயே செங்குத்தான பாறையில் சுரங்கம் வாயைத் திறந்து வைத்திருக்கும். ரயில் வளைவதால் முன் பெட்டிகள் பாறைக்குள் போவது பின் பெட்டியிலிருந்து தெரியும். கடைசிப் பெட்டியில் உட்காருங்கள். அதற்கப்புறம் ஏறி ஏறி, ஒஸ்பிசியோ பெர்னினாவில் 2253 மீட்டர். பாஸ் செல்லும் சாதாரண ரயிலிலேயே ஆல்ப்ஸின் இவ்வளவு உயரத்துக்குப் போய்விடலாம் என்பது எனக்கு இன்னும் ஆச்சரியம்தான். பக்கத்திலேயே லாகோ பியான்கோ ஏரி, பால் கலந்த நீலம். அங்கிருந்து டிரானோவுக்கு 1800 மீட்டர் இறக்கம். பல் சக்கரம் இல்லாமல், நூற்றுக்கு ஏழு சரிவில் சாதாரணச் சக்கரத்திலேயே இறங்குகிறது. ஆல்ப் க்ரூமில் ஸ்வெட்டர் போட்டிருந்த அக்கா, பிருசியோவின் வட்டப் பாலத்துக்கு வரும்போது கைக்குட்டையால் விசிறிக்கொண்டிருந்தாள். டிரானோவில் இறங்கினால் எதிரிலேயே இத்தாலிய ரயில் நிலையம். அங்கிருந்து மிலானுக்கு இரண்டரை மணி நேரம், கோமோ ஏரியை ஒட்டியே போகும் உள்ளூர் ரயில். இத்தாலியின் உள்ளூர் ரயிலுக்குக் காகித டிக்கெட் எடுத்தால் ஏறுவதற்கு முன் நிலையத்திலுள்ள இயந்திரத்தில் முத்திரை குத்திக்கொள்ளுங்கள். குத்தாத டிக்கெட் இல்லாத டிக்கெட்டுக்குச் சமம், அபராதம் போட்டுவிடுவார்கள்.

ஸ்விட்சர்லாந்தில் ரயில் தவிர மற்ற எல்லாமே செலவு. கூரில் ஒரு ஹாஸ்டலில் இருவர் அறை எடுத்தோம், ராத்திரிச் சாப்பாட்டை சூப்பர் மார்க்கெட்டில் முடித்துக்கொண்டோம். தண்ணீருக்கு மட்டும் காசே தேவையில்லை. சூரிக்கில் மட்டும் 1200-க்கும் மேற்பட்ட நீரூற்றுகள் இருக்கின்றன, குடிக்கக்கூடிய தண்ணீர். பாட்டில் கையில் இருந்தால் போதும். பாஸ் இல்லாதவர்களுக்கும் ஒரு வழி உண்டு: சேவர் டே பாஸ். சீக்கிரம் எடுத்தால் 52 ஃபிராங்கிலிருந்து கிடைக்கும், அன்று முழுவதும் நாடெங்கும் சுற்றலாம்.

இப்போது தூக்கத்துக்கு வருகிறேன். இரவு ரயிலில் ஒரு ஹோட்டல் வாடகை மிச்சம் என்று சொல்வார்கள். படுக்கை எடுத்தால் அது உண்மை. இருக்கை எடுத்தால் உண்மையில்லை. முன்பு ஒருமுறை பணத்தை மிச்சம் பிடிக்க இரவு ரயிலில் உட்கார்ந்தபடி போயிருக்கிறேன். ஆறு பேர் முழங்கால் உரச எதிரெதிரே உட்கார்ந்திருந்தோம். விளக்கை அணைக்கலாமா வேண்டாமா என்று ஒவ்வொரு நிலையத்திலும் புதிதாக ஏறுபவரோடு பேச்சு. மறுநாள் போன ஊரில் மதியம் வரை பூங்கா பெஞ்சில் தூங்கினேன். அந்த ஊரைப் பற்றி இன்று ஒன்றுமே ஞாபகமில்லை. ஒரு பகலை இழந்து ஒரு இரவின் வாடகையைச் சேமிப்பது நஷ்டக் கணக்கு.

அதனால் அக்காவோடு வியன்னா போனபோது கூஷெட் என்ற படுக்கை எடுத்தோம். ஆஸ்திரிய ரயில்வேயின் நைட்ஜெட். 2016 டிசம்பரில் ஜெர்மன் ரயில்வே தன் இரவு ரயில்களை மூடியபோது அவற்றில் பலவற்றை ஆஸ்திரியர்கள் எடுத்து நடத்தத் தொடங்கினார்கள். இன்று ஐரோப்பாவில் இரவு ரயில் என்ற ஒன்று இருப்பதற்கு அவர்களுக்கு நன்றி சொல்ல வேண்டும். கூஷெட் பெட்டியில் நாலு அல்லது ஆறு படுக்கைகள். பெண்களுக்கென்றே தனி அறை கேட்டு முன்பதிவு செய்யலாம். நாங்கள் அதைத்தான் எடுத்தோம். தலையணை, விரிப்பு, போர்வை தருவார்கள், நாமே விரித்துக்கொள்ள வேண்டும். கதவை உள்ளே பூட்டலாம்.

"மேல நான் ஏறிக்கிறேன், நீ கீழ படுத்துக்கோக்கா" என்றேன். எதிர் படுக்கையில் ஒரு ஜெர்மன் பாட்டி, காலணியைக் கழற்றி நேராக வைத்துவிட்டு, எங்கள் இருவருக்கும் ஆளுக்கொரு பிளம் பழம் கொடுத்துவிட்டுப் படுத்தார். அக்கா பதில் மரியாதையாகத் தன் பையிலிருந்த பேரீச்சம்பழத்தை எடுத்து நீட்டினாள். மொழி இல்லாமலே இருவரும் முழங்கால் வலியைப் பற்றிப் பேசிக்கொண்டார்கள், கையால் தொட்டுக் காட்டி. காலையில் ஊழியர் கதவைத் தட்டி எழுப்பி, இரண்டு ரொட்டி, வெண்ணெய், ஜாம், சூடாகத் தேநீர் கொடுத்தார். எட்டு மணிக்கு வியன்னா. அக்கா நன்றாகத் தூங்கியிருந்தாள், அன்று மாலை வரை நடந்தாள். கூஷெட்டுக்குக் கொடுத்த பணம் முழுக்கத் திரும்பி வந்துவிட்டது என்பேன்.

இரவு ரயில்கள் நிலையானவை அல்ல என்பதும் எனக்கு வருத்தம். பாரிஸ் வியன்னா நைட்ஜெட் 2021 டிசம்பரில் கொண்டாட்டமாகத் தொடங்கியது. பிரான்ஸ் அரசின் மானியம் நின்றதும் 2025 டிசம்பரில் நிறுத்திவிட்டார்கள். லிஸ்பனுக்கும் மாட்ரிடுக்கும் நடுவே ஓடிய இரவு ரயில் 2020 மார்ச்சில் நின்றது நின்றதுதான்; இரண்டு தலைநகரங்களுக்கு இடையே நேரடி ரயிலே இல்லை. விமானத்தை விட்டு ரயிலுக்கு வாருங்கள் என்று எல்லா அரசுகளும் சொல்கின்றன. சொல்பவர்கள் படுக்கை வண்டிகளுக்குப் பணம் ஒதுக்கினால் நாங்கள் ஏறத் தயாராகத்தான் இருக்கிறோம்.

தாமதத்தைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் இந்தப் பதிவு முழுமையாகாது. ஒரு மாலை, எல்லை தாண்டும் ரயில் ஒன்றில் இருந்தோம். பாதையில் மரம் விழுந்துவிட்டதாக அறிவித்தார்கள், வயல் நடுவே ஒன்றே முக்கால் மணி நேரம் நின்றோம். மாற வேண்டிய நிலையத்துக்கு வந்தபோது கடைசி ரயில் போயிருந்தது. கவுன்ட்டர் மூடியிருந்தது. பாஸில் எண்ணிக் கொடுக்கும் பயண நாட்களில் ஒன்றை வீணாக்க வேண்டாமென்று அன்றைக்கு இரண்டு மலிவு டிக்கெட்டுகளைத் தனித்தனியாக எடுத்திருந்தோம், ஒரே டிக்கெட்டாக எடுப்பதைவிட ஆளுக்கு 11 யூரோ குறைவு. நிலையத்துக்கு எதிரே இருந்த ஹோட்டலில் அந்த இரவுக்கு 84 யூரோ ஆனது.

சட்டம் என்ன சொல்கிறது என்று பிறகு உட்கார்ந்து படித்தேன், எல்லோரும் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். ஐரோப்பிய ஒன்றியத்தில் ஒரே டிக்கெட்டாக எடுத்த பயணத்தில், போய்ச் சேர ஒரு மணி நேரத்துக்கு மேல் தாமதமானால் கட்டணத்தில் கால் பங்கு, இரண்டு மணி நேரத்துக்கு மேல் என்றால் பாதி திரும்பக் கிடைக்கும். இரவு தங்க நேர்ந்தால் இடமும் ஏற்பாடு செய்து தர வேண்டும். 2023 ஜூனில் வந்த புதிய விதிப்படி, கடும் புயல் மாதிரி அசாதாரணக் காரணங்களுக்கு நஷ்ட ஈடு இல்லை. ஆனால் அப்போதும் உங்களைச் சேரவேண்டிய இடத்தில் சேர்க்கும் பொறுப்பு அவர்களுடையது. தனித்தனியாக எடுத்த டிக்கெட்டுகளுக்கு இந்தப் பாதுகாப்பு ஒன்றோடு ஒன்று சேராது. முதல் ரயிலின் தாமதம் இரண்டாவது டிக்கெட்டின் கவலை இல்லை. எல்லாப் பயணத்தையும் ஒரே டிக்கெட்டாக விற்கும் ஒரு இடம் ஐரோப்பாவில் இல்லாததுதான் இதில் எனக்குத் தீராத ஆதங்கம். இத்தனை நாடுகள் ஒரே நாணயத்தைப் புழங்கப் பழகிவிட்டன, ஒரே ரயில் டிக்கெட் மட்டும் முடியவில்லை.

நேரம் தவறாமை நாட்டுக்கு நாடு மாறும் என்பதையும் திட்டத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள். ஜெர்மனியின் தொலைதூர ரயில்களில் 2024-இல் நேரத்துக்கு வந்தவை 62.5 சதவீதம்தான். அதுவும் ஆறு நிமிடத்துக்குக் குறைந்த தாமதத்தைத் தாமதமாகவே எண்ணாத கணக்கு. ஸ்விஸ்காரர்களுக்கு மூன்று நிமிடம்தான் எல்லை, அப்படியிருந்தும் தொண்ணூறு சதவீதத்துக்கு மேல் காட்டுகிறார்கள். ஜெர்மனியில் மாறுவதாக இருந்தால் ஒரு மணி நேர இடைவெளி விடுவேன், ஸ்விட்சர்லாந்தில் ஏழு நிமிடத்திலும் தைரியமாக மாறுவேன். பாஸின் உண்மையான மதிப்பு எனக்கு இங்கேதான் தெரிந்தது. ரிசர்வேஷன் தேவைப்படாத ரயில்களில் ஒன்றைத் தவறவிட்டால் அடுத்ததில் ஏறிக்கொள்ளலாம், யாரிடமும் கெஞ்ச வேண்டாம்.

சில சின்ன விஷயங்கள். நிலையக் கழிப்பறைகளுக்கு ஜெர்மனியில் ஒரு யூரோ வரை கேட்பார்கள், ரயிலில் இலவசம். இறங்குவதற்குப் பத்து நிமிடம் முன்பே போய்விட்டு வருவது நல்லது. ஞாயிற்றுக்கிழமை ஜெர்மனியிலும் ஆஸ்திரியாவிலும் கடைகள் மூடியிருக்கும், பெரிய ரயில் நிலையங்களுக்குள் இருக்கும் சூப்பர் மார்க்கெட்டுகள் மட்டும் திறந்திருக்கும். சில ரயில்கள் நடுவழியில் இரண்டாகப் பிரிந்து வெவ்வேறு ஊருக்குப் போகும், அதனால் ரயிலின் பெயரை மட்டும் பார்க்காமல் பெட்டியின் கதவருகே எழுதியிருக்கும் ஊரையும் பாருங்கள். பாரிஸில் ரயில் மாறுவது என்றால் பெரும்பாலும் நிலையமே மாறுவது. வடக்கிலிருந்து வரும் ரயில் கார் து நோரில் விடும், தெற்கே போகும் ரயில் கார் து லியோனிலிருந்து கிளம்பும், நடுவில் மெட்ரோவும் படிக்கட்டுகளும். சக்கரம் வைத்த பெரிய பெட்டியைவிடச் சின்னப் பையே மேல். சிறிய நிலையங்களில் லிஃப்ட் இருக்கும் என்று நம்பக்கூடாது. அக்கா பாதிப் பயணத்தில் தன் பெரிய பெட்டியை என் அறையில் விட்டுவிட்டு என் பழைய முதுகுப்பையைத் தூக்கிக்கொண்டாள், அதற்குப் பிறகு முழங்காலைப் பற்றிய பேச்சே குறைந்துவிட்டது.

அடுத்து எங்கே என்பதை அக்காவே முடிவு செய்துவிட்டாள். சிசிலி. ரோமிலிருந்து கிளம்பும் இரவு ரயில் காலையில் வில்லா சான் ஜோவான்னிக்கு வரும். அங்கே பெட்டிகளைப் பிரித்து, உள்ளே ஆட்கள் படுத்திருக்க அப்படியே கப்பலில் ஏற்றி, மெசினா ஜலசந்தியைக் கடந்து மறுகரையில் மறுபடி கோர்த்து ஓட்டுவார்கள். கடக்கும்போது பெட்டியிலிருந்து இறங்கிக் கப்பல் தளத்துக்குப் போய்க் கடலைப் பார்க்கலாம். ஜலசந்தியின் மேல் பாலம் கட்டும் பேச்சு நடந்துகொண்டே இருக்கிறது, கட்டிவிட்டால் இந்தக் கப்பல் ரயில் இருக்காது. அதனால் அவள் அவசரப்படுகிறாள். கீழ்ப் படுக்கை ஒன்று, மேல் படுக்கை ஒன்று, பெண்கள் அறை கிடைத்தால் அதில். விற்பனை திறக்கும் நாளைக் கவனித்துச் சொல்லும் பொறுப்பு என்னுடையது.